கொட்டிவிட்ட முதல் தண்ணீர்

நம் வானிலை ஆபீஸில் ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு அனுபவம் எழுதி வாங்குகிறீர்களாம். மற்றவர்கள் புயல் எச்சரிக்கை கொடுத்து மீன்பிடிப் படகுகளைத் திருப்பிய கதை எழுதுவார்கள். என்னிடமும் அப்படி இரண்டு உண்டு, காப்பி வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு கண்ணாடி ஜாடிதான். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவி கோமதிக்குப் பாதி தெரியும். என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர அவளுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில் வானிலை பார்க்கும் வேலை, அதிகாலையில் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும் ஷிப்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கரமனையில் அக்ரகாரத் தெருவில் குடியிருந்தேன். காலையில் பலூன் விட்டு, அது போகிற போக்கைத் தொலைநோக்கிக் குழாய் வழியாகப் பார்த்து, மேல்காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று எழுதுவது என் பொறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அந்த வருஷம் வடக்கேயுள்ள தலைமை ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மழைநீரைப் பிடித்து, பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்து அனுப்ப வேண்டும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அங்கே சோதிப்பார்கள். ஆபீஸ் மொட்டை மாடியில் காக்கை உபத்திரவம். எனவே என் வீட்டுக் கொல்லையில் ஜாடியை வைக்கலாம் என்று மேலதிகாரி முடிவு செய்தார். மூடி போட்ட ஜாடி. நான் வீட்டில் இருக்கும்போது மழை தொடங்கினால் ஓடிப்போய் மூடியைத் திறக்க வேண்டும். உத்தரவில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். ஒன்று, ஜாடி மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு, முதல் துளியிலிருந்து பிடிக்க வேண்டும்.

முதல் விஷயத்தை நான் தேவைக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன். இரண்டாவதைக் காற்றில் விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் மழை பெய்தால் கூரையிலிருந்து வரும் முதல் தண்ணீரை அப்படியே முற்றத்தில் ஓட விடுவார்கள். கூரையும் வானமும் கழுவிய தண்ணீர் அது, ஆகாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்டாவை வைப்பார்கள். வெளுத்து வந்த துணியைக்கூட வீட்டில் மறுபடியும் தண்ணீரில் முக்கிப் பிழிந்த பிறகே உடுப்போம். இப்படி வளர்ந்தவன் கையில் ஜாடியைக் கொடுத்தால் என்ன செய்வான்? முதல் பத்து நிமிஷ மழையை ஜாடியில் பிடித்து, குலுக்கி, துவைக்கிற கல்லின் மேல் கொட்டிவிட்டு, பிறகு நிதானமாக வைத்தேன். மழைநீர் பிடிக்கும் ஜாடியை மழைநீராலேயே கழுவுகிறேன் என்று பெருமை வேறு. அவர்கள் சொல்ல மறந்த புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அனுப்பும் தாளில் இதைக் குறிப்பிடவும் இல்லை. குளித்தேன் என்று யாராவது தாளில் எழுதுவார்களா?

வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை முழுக்க இப்படியே போயிற்று. ஆவணி கடைசியில் வடக்கேயிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பாட்டில்கள் மிகத் தூய்மையாக இருக்கின்றன, காய்ச்சி வடித்த தண்ணீருக்குச் சமமாக இருக்கின்றன, சேகரித்தவரின் கவனம் பாராட்டத்தக்கது என்று இங்கிலீஷில் நாலு வரி. மேலதிகாரி அதை என்னிடமே கொடுத்துவிட்டார். வேலை நிரந்தரமாக இது உதவும் என்றார். நான் அதைத் தெருவில் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று இப்போது சொல்லக் கூசுகிறது. அன்றிலிருந்து தெருவில் எனக்கு மழைசாமி என்று பெயர்.

பிறகு ஐப்பசியில் துலாவர்ஷம் தொடங்கியது. மத்தியானம் வரை சுள்ளென்று வெயில். நாலு மணிக்குக் கிழக்கு மலைப்பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த மழையில் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் கல்லில் கொட்டுகிற முதல் தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. காய்ந்த பிறகு கல்லில் பிசுபிசுப்பாக ஒரு கறை நின்றது. கோமதி இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"ஏன்னா, தெனம் கல்லுல என்னத்தைக் கொட்டறேள்? கரி தேச்சா மாதிரி இருக்கு."

"தூசிடி. அதுக்குத்தானே கழுவிக் கொட்டறேன்" என்றேன்.

இப்போது செல்லம்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குத் துணி வெளுத்தவள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனை ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தாள். புருஷன் இல்லை. வெள்ளாவி வைப்பதும் துவைப்பதும் மணலில் விரித்து உலர்த்துவதும் எல்லாம் அவள் ஒருத்தியேதான். ஐம்பது தாண்டியவளை நாங்கள் எல்லோரும் வாடி போடி என்றே கூப்பிட்டோம். நானும்தான். அது அந்தக் கால வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் என்னை விட மூத்தவள் என்பது அந்தக் காலத்திலும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் பெண்ணுக்கு நாலு நாளில் கல்யாணம். சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்க வெளுக்கப் போட்ட வேஷ்டிகளைச் செல்லம்மை கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் எள் எள்ளாகக் கறுத்த புள்ளி. அவளே இரண்டாம் தடவை வெள்ளாவியில் வைத்துப் பார்த்தும் போகவில்லையாம்.

"இது என்னடி? இதையா சம்பந்தி கையில குடுப்பேன்?"

"சாமி, நான் ஒண்ணும் செய்யல்ல. மணல்ல விரிச்சிருந்தேன். இடி கேட்டு வாரிக் கூட்டுகதுக்குள்ள மொத மழ விழுந்துட்டு. அந்த மழையிலதான் கரி இருக்கு."

"மழையில கரியா! கேட்டேளா ஓய்" என்று அவர் எங்களைப் பார்த்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கே ஒரு மைல் தள்ளி, முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. அண்டியாபீஸ் என்பார்கள். வறுக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் எரிந்து கன்னங்கரேலென்று புகை வரும். துணியைச் செல்லம்மை அந்த ஆட்களுக்கு வாடகைக்கு உடுக்கக் கொடுத்திருப்பாள், அந்த எண்ணெய்தான் இது என்றார் ஒருவர். சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் அது ருசுவாகிவிட்டது.

"எம் மக்கமாருமேல ஆண, நான் யாருக்கும் குடுக்கல்ல. அண்டியாபீஸ் புகைதான் மேல போயி மழையில வருது சாமி."

"அந்தப் புகை கெழக்கே போறதுடி. தெனம் பாக்கறோமே. ஒரு நாளாவது இந்தத் தெருவுக்கு வந்திருக்கோ?" என்றார் குமாஸ்தா.

அது உண்மைதான். பகலில் கடற்காற்று மேற்கேயிருந்து அடிக்கும். புகை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கத்தான் போகும். செல்லம்மை சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அந்த மழைசாமி நிக்காவள்ளா. அவிய மழையை ஜாடியில புடிக்காவ. அவியகிட்டக் கேளுங்க. அவிய சொன்னா நான் கேக்கேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன் துவைக்கிற கல் வந்தது. ஆமாம், வந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. கல்லில் நின்ற கறையும், வேஷ்டியில் இருந்த புள்ளியும் ஒரே நிறம். அதைச் சொல்லப்போனால், முதல் தண்ணீரைக் கொட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். பாராட்டுக் கடிதம் என்ன ஆகும்? வேலை நிரந்தரமாவது என்ன ஆகும்? மழைசாமி என்ற பெயர் என்ன ஆகும்? இதெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேல்துண்டைத் தோளில் சரி செய்கிற நேரம்தான்.

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். இங்கிலீஷில் வாசித்தேன். பிறகு தமிழிலும் சொன்னேன். "நம்ம ஊர் மழைத் தண்ணி காய்ச்சி வடிச்ச தண்ணிக்குச் சமம்னு எழுதியிருக்கா. அதுல அழுக்கு வர வழியில்லை."

"அப்படியா சாமி எழுதியிருக்கு?" என்று கேட்டாள் செல்லம்மை.

"ஆமாம்."

"அப்பம் சரி" என்றாள்.

அவ்வளவுதான். நான் சொன்னால் கேட்பேன் என்று சொல்லியிருந்தாள், கேட்டுவிட்டாள். குமாஸ்தா வீசியெறிந்த வேஷ்டிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானத்துக்குள் பன்னிரண்டு வீடும் அவளை நிறுத்திவிட்டன.

உள்ளே வந்தபோது கோமதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கல்லுல கொட்டறது எங்கேர்ந்து வரதுன்னு சொல்லலையா?" என்று கேட்டாள். உனக்கு ஒரு எழவும் தெரியாது, வாயை மூடு என்றேன். அதன் பிறகு துணியெல்லாம் அவளே துவைக்க வேண்டியதாயிற்று.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் தூங்கி எழுந்தவன் முன்னால் கோமதி என் அங்கவஸ்திரத்தை விரித்துப் பிடித்தாள். முந்தின நாள் கொல்லைக் கொடியில் காயப் போட்டு, மழைக்கு எடுக்கத் தாமதமாகிவிட்டது. எள் எள்ளாகப் புள்ளி. என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய அவளுடைய கண்ணாடி ஊறுகாய் ஜாடியைக் கேட்டு வாங்கி, வேலைக்குப் போகுமுன்பே கழுவிக் காய வைத்தேன். இரண்டு மணியிலிருந்து கொல்லையில் நின்று வானத்தைப் பார்த்தேன். அதுநாள்வரை அதிகாரிக்காகப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்காகப் பார்த்தேன்.

அண்டியாபீஸ் புகை எப்போதும்போல் கிழக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. மலைமேல் மேகம் கோபுரமாக எழும்பியிருந்தது. எழும்புகிற மேகம் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும், இது உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தரையோடு போன புகை அந்தக் காற்றோடு சேர்ந்து மேகத்துக்குள் போகிறது. அதற்கு மேலே என்ன காற்று? கிழக்கேயிருந்து மேற்கே. அன்று காலை பலூன் விட்டு அதை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் யார்? நான்தான். மாலையில் அந்த மேகம் முழுசாக நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்தது. காலையிலிருந்து கிழக்கே போன புகையெல்லாம் மேகத்தோடு திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் உயரே ஏறிக் கடல்பக்கம் போயிருக்கும். மிச்சம் துளியோடு ஒட்டிக்கொண்டு எங்கள் கொல்லையிலும் ஆற்று மணலிலும் இறங்கியது. முதல் பத்து நிமிஷ மழை வானத்தைத் துடைக்கிறது, பிறகு வருவது சுத்தமான தண்ணீர். செல்லம்மை ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் நான் இவ்வளவு நீட்டியிருக்கிறேன்.

முதல் தண்ணீர் ஊறுகாய் ஜாடியில், பின்னால் வந்தது ஆபீஸ் ஜாடியில். முதலாவதில் சாம்பல் நிறத்துக்கு மேல் எண்ணெய் மினுக்கம் மிதந்தது. மோந்து பார்த்தால் தொண்டை கமறியது. மறுநாள் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு கிழக்கேகோட்டை போய் பஸ் மாறி ஆபீஸுக்குப் போனேன்.

மேலதிகாரி மலையாளி. என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். இரண்டு ஜாடிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எடோ, இது ரெண்டும் ஒரே மழையோ?"

"ஆமாம் சார். முதல் பத்து நிமிஷம் இது. பாக்கி அது."

"அப்போ இதுவரைக்கும் அனுப்பினது?"

"ரெண்டாவது, சார்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வழி ரெண்டுண்டு. பழய பாட்டில் எல்லாம் தள்ளணும்னு காரணத்தோட எழுது, ஞான் கையொப்பு இடாம். உன்ற கன்ஃபர்மேஷன் கொறச்சு தாமசிக்கும். இல்லேங்கில் இன்னிமுதல் சரியா பிடி, பழயது அங்கே கெடக்கட்டும். எது வேணும்னு ஞான் சொல்லமாட்டேன். நாளைக்கு வந்து சொல்லு."

மறுநாள் போய், "இன்னிமுதல் சரியா பிடிக்கறேன் சார்" என்றேன். தலையை ஆட்டினார். அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் நான் மாற்றலாகிப் போகும்வரை, நான் எழுதிய ஒவ்வொரு அளவையும் தானே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் எழுதியதை அப்படிப் பார்த்ததில்லை. வேலை நிரந்தரமான கடிதம் தை மாதம் வந்தது.

செல்லம்மையிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போனேன். குடிசை பூட்டியிருந்தது. அண்டியாபீஸுக்கு வேலைக்குப் போகிறாள் என்றார்கள். பாலம் தாண்டிப் போய் வாசலில் நின்றேன். உள்ளே வரிசையாகப் பெண்கள் குந்தி உட்கார்ந்து வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்த அவள் விரல்கள் இப்போது கறுத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தன. ஓட்டு எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. நான் கையைப் பார்ப்பதைப் பார்த்து, "இது வெள்ளாவியில வச்சாலும் போகாது சாமி" என்றாள். கேலியாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"செல்லம்மை, நீங்க சொன்னதுதான் சரி. மழையிலதான் கரி இருந்தது. நான் பார்த்தேன்" என்றேன். முதல் தடவையாக நீங்க என்றேன்.

அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"அது எனக்கு அப்பமே தெரியும்லா. எனக்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? தெருவுல சொல்லுங்க."

உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டான். போய்விட்டாள்.

பாலத்தைத் தாண்டித் திரும்பி வரும்போது வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்தேன். குமாஸ்தா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சிரித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் கூட இருந்தார்கள். இதைவிட வசதியான சமயம் கிடைக்காது.

"எங்கே போயிட்டு வரேள், மழைசாமி?"

"சும்மா. ஆத்தங்கரை வரைக்கும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அடுத்த ஆனியில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கரமனையில் அந்த ஆறேழு மாதமும் தெருவில் நடந்த ஒவ்வொரு தடவையும் சொல்லலாம் என்றுதான் வாசலில் இறங்கினேன்.

இப்போது உங்களிடம் முதல் துளி விழுந்ததும் தானே மூடி திறக்கும் கருவி இருக்கிறது. இந்தத் தப்பை நீங்கள் செய்ய முடியாது. வேறு தப்பு செய்வீர்கள், அது எதுவென்று எனக்குத் தெரியாது. கையில் அழுக்காக ஏதாவது வந்தால் அதைக் கழுவிக் கொட்டிவிட்டுச் சுத்தமானதை மேலே அனுப்பத் தோன்றும். அந்த அழுக்கைத்தான் உங்களிடம் கேட்டார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இன்னொன்று. உங்களைச் சாட்சியாக நம்பி ஒருவர் கை காட்டினால், உள்ளே போய்க் கடிதத்தை எடுக்காதீர்கள். கொல்லைக்குப் போய்க் கல்லைப் பாருங்கள்.

போதும், உபதேசம் செய்ய நான் ஆளில்லை. ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பழைய மழைநீர்ப் பதிவேடுகளை இப்போது நீங்கள் எடுத்து ஒழுங்குபடுத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் கரமனை என்று ஒரு பக்கம் இருக்கும். இடவப்பாதி தொடங்கித் துலாவர்ஷம் பாதிவரை எல்லாம் சுத்தம், மிகச் சுத்தம் என்று இருக்கும். என் கையெழுத்தும் இருக்கும். அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுங்கள். பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. முதல் தண்ணீர் கொட்டப்பட்டது என்று எழுதுங்கள். மழையில் கரி இருந்தது என்று எழுதுங்கள். சொன்னவர் பெயர் கேட்டால், ஆற்றங்கரையில் துணி வெளுத்த செல்லம்மை என்று போடுங்கள்.